அச்சில் ஏறினால் போதுமா?

அறுபது, எழுபது ஆண்டுகள் பழைய படகு மோட்டாரை மறுபடி ஓடவைப்பது நினைப்பதைவிடச் சுலபம். படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைச் சொல்கிறேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டும், ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டும், ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கும் பாயின்ட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், தண்ணீர்ப் பம்புக்குள் இருக்கும் ரப்பரைப் புதிதாகப் போட வேண்டும். கயிற்றை நாலைந்து முறை இழுப்பதற்குள் பெரும்பாலானவை உறுமிவிடும். 1950களின் அமெரிக்க மோட்டார்கள் அவ்வளவு எளிமை, அவ்வளவு கெட்டி.

வேலை தடைபடும் இடம் கீழே, தண்ணீருக்குள் இருக்கும் புரொப்பெல்லர். பாறையில் மோதி ஓர் இறக்கை முறிந்திருக்கும். இல்லையென்றால் முன்பு வைத்திருந்த யாரோ முறிந்த முனையை அரத்தால் ராவி, மற்ற இரண்டையும் அதே அளவுக்குக் குறைத்து, ‘சரி’ செய்திருப்பார். எஞ்சினின் மற்ற உறுப்புகள் எல்லாம் மூடிக்குள் பத்திரமாக இருந்தவை. கல்லையும் மணலையும் மூழ்கிக் கிடந்த மரத்தையும் முட்டி வந்தது இது ஒன்றுதான்.

மாற்று தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, ‘இந்த அச்சில் எது ஏறும்?’ என்று. கேட்க வேண்டியதுதான், ஆனால் இரண்டாவதாக. இந்த எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் வைத்தார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. பழைய மோட்டார்களில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் கிடையாது. புரொப்பெல்லர்தான் அந்தக் கருவி. தண்ணீர் அதன்மேல் காட்டும் எதிர்ப்பு, எஞ்சின் தரும் முறுக்குவிசையோடு சமமாகும் இடத்தில் சுழற்சி நின்று நிலைக்கிறது. புரொப்பெல்லரை மாற்றினால் அந்த இடமும் மாறிவிடும்.

ஒரு புரொப்பெல்லரை இரண்டு எண்களால் அடையாளம் சொல்வார்கள். ஒன்று விட்டம். இறக்கை முனைகள் வரையும் வட்டத்தின் அளவு அது. மற்றது பிட்ச். மரத்துக்குள் இறங்கும் ஸ்குரூ ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறுமோ, அதுபோல் இந்தப் புரொப்பெல்லர் வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு முன்னேற வேண்டும் என்பது பிட்ச். ‘8க்கு 7’ என்றால் விட்டம் 8 அங்குலம், பிட்ச் 7 அங்குலம். பெரும்பாலும் நடுக்குடத்தின்மேல் இந்த எண்களோ நிறுவனத்தின் பாக எண்ணோ வார்ப்பிலேயே இருக்கும். அரிப்பிலும் அடியிலும் அது அழிந்துபோயிருந்தால் நாமே அளந்துகொள்ளலாம். ஓர் இறக்கை முழுதாக மிஞ்சியிருந்தாலே போதும்.

விட்டத்தை அளக்க, அச்சின் நடுவிலிருந்து நல்ல இறக்கையின் முனை வரை உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஆயிற்று. பிட்ச் அளப்பது கொஞ்சம் ரசமான வேலை. புரொப்பெல்லரைச் சமதளமான மேசைமேல் குடம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, நடுவிலிருந்து முனைக்குப் போகும் தூரத்தில் பத்தில் ஏழு பங்கில் இறக்கைமேல் ஒரு வில்கோடு வரைய வேண்டும். இறக்கையின் சராசரி வேலையை ஏறக்குறைய அந்த இடம் காட்டும் என்பது வழக்கமான கணக்கு. அந்தக் கோட்டில் இரண்டு புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றும் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். மையத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையே 30 பாகை, உயர வித்தியாசம் 1.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுற்று 360 பாகை, அதாவது பன்னிரண்டு மடங்கு. 1.5ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 18 சென்டிமீட்டர், ஏறத்தாழ 7 அங்குலம். ஒரு பாகைமானியும் ஓர் அளவுகோலும் போதும்.

இனி வேகக் கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று, கீழே உள்ள பற்சக்கரங்கள் அதைப் பாதியாக்குகின்றன என்று கொண்டால் புரொப்பெல்லருக்கு 2,000 சுற்று. சுற்றுக்கு 18 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 360 மீட்டர், மணிக்கு 21.6 கிலோமீட்டர். ஆனால் படகு அந்த வேகத்தில் போகாது. 15, 16 போனாலே நல்லது. மீதி நழுவலில் போகிறது.

நழுவல் என்றதும் வீணாவது என்றுதான் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் வேறு மாதிரி தெரியும். புரொப்பெல்லரின் இறக்கை, விமானத்தின் இறக்கையைப் போலவே, வரும் ஓட்டத்துக்குச் சற்றுச் சாய்ந்து நின்றால்தான் தள்ளுவிசை பிறக்கும். நழுவலே இல்லையென்றால் இறக்கை தண்ணீரைக் கோணமே இல்லாமல் கீறிக்கொண்டு போகும், தள்ளாது. ஆகவே கொஞ்சம் நழுவியே தீர வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. பாரமான படகைச் சின்னப் புரொப்பெல்லரால் தள்ளினால் நழுவல் மிகும், பெட்ரோல் தண்ணீரைக் கலக்குவதிலேயே செலவாகும்.

இதன் அடியில் இருக்கும் கணக்கு சிறியது. தள்ளுவிசை என்பது ஒரு விநாடியில் பின்னால் தள்ளப்படும் தண்ணீரின் நிறையையும் அதற்குக் கிடைத்த கூடுதல் வேகத்தையும் பெருக்கியது. செலவாகும் ஆற்றலோ அந்த வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தண்ணீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே விசை கிடைக்கும், செலவு பாதியாகும். மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லர், வேகமாகச் சுழலும் சின்னதைவிடச் சிக்கனம் என்பது இதிலிருந்து வருகிறது.

இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல் மோட்டார்கள் இந்தக் கணக்கை அப்படியே உலோகத்தில் வார்த்தவை. 1930களில் தொடங்கி 1990கள் வரை வந்த அந்த மோட்டார்களுக்கு அழகு கிடையாது. சத்தமும் புகையும் தாராளம். ஆனால் சில குதிரைத் திறனுக்குத் தகாத பெரிய புரொப்பெல்லர், சிலவற்றில் ஐந்து இறக்கைகளோடு, நிதானமாகச் சுழலும். கரைக்கும் பாய்மரப் படகுக்கும் இடையே ஆளையும் சாமானையும் ஏற்றிச் செல்லும் சின்னப் படகுக்கு அது கச்சிதம். அந்த மாதிரிப் படகு தண்ணீரைக் கிழித்துத்தான் போகும், அதன்மேல் எழும்பி வழுக்காது. அதன் வேகத்துக்கு நீளம் ஓர் எல்லை வைக்கிறது. நீர்மட்டத்தில் 12 அடி நீளமுள்ள படகுக்கு அது மணிக்கு எட்டரைக் கிலோமீட்டர் அளவில்தான். அதற்குமேல் எத்தனை சக்தி கொடுத்தாலும் முன்பக்கம் எழும்புமே தவிரப் பெரிதாக வேகம் வராது. இப்படிப்பட்ட மோட்டாருக்கு, ஏறுகிறது என்பதற்காக, அதிகப் பிட்ச் உள்ள சின்னப் புரொப்பெல்லரைப் பொருத்துவது அதன் ஒரே சிறப்பைக் கழற்றி வீசுவதற்குச் சமம்.

முனையை ராவிச் ‘சரி’ செய்தவரிடம் வருவோம். ஒரே வடிவம், ஒரே சுழற்சி வேகம் என்று வைத்துக்கொண்டால் புரொப்பெல்லர் விழுங்கும் சக்தி அதன் விட்டத்தின் ஐந்தாம் மடியாக வளர்கிறது. இருமடி அல்ல, மும்மடி அல்ல, ஐந்து. விட்டமும் பிட்சும் சேர்ந்து 5 சதவீதம் கூடினால் அதே சுழற்சிக்கு 28 சதவீதம் அதிக சக்தி வேண்டும். 10 சதவீதம் குறைந்தால் 59 சதவீதம் போதும். ராவும்போது விட்டம் மட்டும்தான் குறைகிறது, பிட்ச் அப்படியே இருக்கிறது என்பதால் வீழ்ச்சி இந்த அளவுக்கு இராது. ஆனாலும் அந்தப் பக்கம்தான் போகும். பாரம் இழந்த எஞ்சின், செய்தவர்கள் நினைத்ததற்கு மேல் சுழலும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் உராய்வைத் தாங்குவது பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய் மட்டுமே. கனெக்டிங் ராடும் பேரிங்கும் அந்த வேகத்தை நெடுநேரம் பொறுக்காது.

எதிர்ப்பக்கம் போனாலும் கேடுதான், அது சத்தமில்லாத கேடு. பிட்ச் மிகுந்த புரொப்பெல்லரைப் போட்டால் எஞ்சின் முழுத் திராட்டிலிலும் தன் வேகத்தை எட்டாது. ஓட்டுகிறவருக்கு ‘அடக்கமாக ஓடுகிறது’ என்று தோன்றும். உள்ளே பாரம் ஏறி, சூடு கூடி, பிஸ்டன் தலையிலும் வெளியேற்று வழியிலும் கரி படியும். என் கணிப்பில், பழைய மோட்டார்களை ஓவர்ஸ்பீடைவிட இந்தத் திணறல்தான் அதிகம் கொன்றிருக்கும்.

ஓர் இறக்கை மட்டும் முறிந்த நிலையிலேயே ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மையத்திலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி 30 கிராம் உலோகம் போய்விட்டது, நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சமநிலை தவறியதால் அச்சை இழுக்கும் விசை பத்துக் கிலோ எடைக்கு மேல். அது ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறிக்கொண்டே இழுக்கும். விநாடிக்கு முப்பத்து மூன்று முறை. பேரிங் தேயும், எண்ணெய் சீல் கசியும், கியர்பெட்டிக்குள் தண்ணீர் புகும். 

உடைந்த புரொப்பெல்லரால் நன்மை கிடைத்த ஒரு சம்பவம் வரலாற்றில் உண்டு. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி 1836இல் ஸ்குரூ புரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய முதல் வடிவம் இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட நீண்ட மரப் புரி. 1837இல் லண்டனில் பேடிங்டன் கால்வாயில் சோதனை ஓட்டம் நடந்தபோது எதன்மேலோ மோதி அதில் பாதி முறிந்துபோனது. படகு முன்பைவிட வேகமாகப் போயிற்று. நீண்ட புரியின் பெரும்பகுதி தண்ணீரை உரசியதே ஒழியத் தள்ளவில்லை என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1845இல் பிரிட்டிஷ் கடற்படை, புரொப்பெல்லர் பொருத்திய ‘ராட்லர்’ கப்பலையும் துடுப்புச்சக்கரம் பொருத்திய ‘அலெக்டோ’வையும் பின்னோடு பின் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது.

தேடலுக்கு வருவோம். அமெரிக்காவில் மில்வாக்கியைச் சேர்ந்த, நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் 1909இல் ஒன்றரைக் குதிரைத் திறன் மோட்டாரை விற்கத் தொடங்கியதிலிருந்து எண்ணற்ற பெயர்களில் அவுட்போர்டுகள் வந்தன. மூடியில் இருக்கும் பெயரை நம்பித் தேடினால் பாதித் தேடல் வீண். 1930களின் நடுவில் ஜான்சனும் எவின்ரூடும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. 1950களின் மோட்டார்களில் நிறமும் மூடியும்தான் வேறு, அதே குதிரைத் திறன் கொண்டவற்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றே. ஜான்சனுக்குக் கிடைக்காத புரொப்பெல்லர் எவின்ரூட் என்ற பெயரில் கிடைக்கும். அதே நிறுவனத்தின் கேல் பிரிவு, மான்ட்கோமரி வார்ட் கடைகளுக்காக ‘சீ கிங்’ என்ற பெயரில் மோட்டார்கள் செய்து கொடுத்தது. சியர்ஸ் கடைகள் ‘எல்ஜின்’ என்று விற்றவற்றில் பெரும்பகுதி வெஸ்ட் பெண்ட் நிறுவனத்தின் வேலை. அந்தப் பிரிவைப் பின்னாளில் கிரைஸ்லர் வாங்கியது. ஆகவே சீ கிங்குக்கு மாற்று தேடுகிறவர் மூடியை மறந்துவிட்டு, மோட்டாரின் பின்பலகைப் பிடியில் ஒட்டியிருக்கும் தகட்டின் மாடல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜான்சன், எவின்ரூடை நடத்திய தாய் நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. எவின்ரூட் என்ற பெயரில் மோட்டார் செய்வதும் 2020இல் நின்றது. ஆனாலும் பாகம் செய்தவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1903இல் தொடங்கிய மிச்சிகன் வீல், பல நிறுவனங்களின் மோட்டார்களுக்கு மாற்றுப் புரொப்பெல்லர் வார்த்து வந்திருக்கிறது. அவற்றின்மேல் இருப்பது அவர்கள் எண். எந்த மோட்டாரின் எந்த எண்ணுக்கு அது ஈடு என்பதைப் பழைய விலைப்பட்டியல்களின் ஒப்பீட்டு அட்டவணை சொல்லும். 1965இல் தொடங்கிய அமெரிக்கப் பழம்மோட்டார்ச் சங்கத்தினர் நடத்தும் சந்தைகளில் தார்ப்பாய் விரித்து, விற்காமல் தங்கிய கடைச்சரக்கைப் பரப்பியிருப்பார்கள். இத்தகைய இடத்துக்கு உடைந்த புரொப்பெல்லரையே கையோடு கொண்டுபோவது, எந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போவதையும்விட மேல்.

கண்ணில் பட்டதை வாங்கும்முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். அச்சின் தடிமன், குடத்தை அச்சோடு இணைக்கும் பின்னுக்கான துளையின் இடம், குடத்தின் நீளம் ஆகியவை ஒத்துப்போக வேண்டும். சுழலும் திசை முக்கியம். பின்னாலிருந்து பார்க்கும்போது பெரும்பாலானவை கடிகாரத் திசையில் சுழலும், சில பழைய மோட்டார்கள் எதிர்த்திசையில். எதிர்த்திசைப் புரொப்பெல்லர் கச்சிதமாக ஏறும், முன்னே போகவேண்டிய படகைப் பின்னே இழுக்கும். இன்னொன்று புகை வெளியேறும் வழி. பின்னால் வந்த மோட்டார்களில் அது புரொப்பெல்லரின் உள்ளீடற்ற குடத்தின் வழியே போகிறது. பழையவற்றில் தனி வழி. ஒன்றுக்கானதை மற்றொன்றில் மாட்டினால் புகை இறக்கைமேல் பாய்ந்து, இறக்கை தண்ணீருக்குப் பதில் வாயுவைத் துழாவும்.

குடத்துக்குள் இருக்கும் பலவீனத்தை வடிவமைத்தவர்களின் அறிவு என்றே சொல்ல வேண்டும். சின்ன மோட்டார்களில் அச்சையும் குடத்தையும் இணைப்பது மென்மையான உலோகத்தாலான ஷியர் பின். இறக்கை பாறையில் மோதினால் அது வெட்டுப்பட்டுத் தனியாகும், கியர் தப்பிக்கும். சீகல் மோட்டாரில் அந்த வேலையை ஒரு சுருள்வில் பார்க்கிறது. பிற பல மோட்டார்களில் குடத்துக்குள் இறுக்கி அழுத்திய ரப்பர் உருளை இருக்கும், அடி விழுந்தால் வழுக்கிக்கொடுக்கும். ‘இந்தப் பின் அடிக்கடி உடைகிறது’ என்று எஃகு ஆணியைச் செருகிவைத்தவர்கள் ஏராளம். அடுத்த மோதலில் உடைவது கியரின் பல். இன்றைக்குப் புரொப்பெல்லரைவிடக் கிடைக்காத பொருள் அதுதான்.

ரப்பருக்கு வயது ஒரு பகை. ஐம்பது ஆண்டுக் கடைச்சரக்கு, பெட்டிகூடப் பிரிக்காதது, பளபளப்பானது என்று வாங்கி மாட்டினால், மெல்ல ஓட்டும்வரை நன்றாக இருந்து, திராட்டிலைத் திறந்ததும் எஞ்சின் அலறும், படகு நகராது. உள்ளே ரப்பர் இறுகிப் பிடிவிட்டிருக்கும். புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சும்போதும் இதே அலறல்தான் கேட்கும் என்பதால் குழப்பம் வரும். பிரித்தறிய எளிய வழி உண்டு. குடத்தின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்டால் ஒரு நேர்கோடு போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பிவந்து பார்க்கையில் கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் வழுக்கியது ரப்பர். அதைப் புதிதாக அழுத்திப் பொருத்தித் தரும் பட்டறைகள் இருக்கின்றன.

எங்குமே கிடைக்காவிட்டால் வார்க்கலாம். நல்ல இறக்கை ஒன்றை ஸ்கேன் செய்து, கணினியில் 120 பாகைக்கு ஒன்றாக மூன்று முறை வைத்து, முழு வடிவத்தை அச்சிட்டு, அதையே அச்சுருவாக மணலில் பதித்து உலோகம் ஊற்றுவது இப்போது வீட்டுப் பட்டறைக்காரர்களும் செய்கிற வேலை. இதில் ஒளிந்திருக்கும் பொறி, உலோகம் ஆறும்போது சுருங்குவது. வெண்கலமோ அலுமினியமோ, ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை சுருங்கும். பழையதை அப்படியே பதித்து வார்த்தால் 20 சென்டிமீட்டர் விட்டம் 3 மில்லிமீட்டர் வரை குறையும், பிட்சும் அதே விகிதத்தில் குறையும். ஐந்தாம் மடிக் கணக்கில் பாரம் 7 சதவீதம் போய்விடும். வார்ப்படத் தொழிலாளர்கள் இதற்காகவே சற்று நீட்டப்பட்ட கோடுகள் உள்ள தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கணினியில் அச்சிடுகிறவர் வடிவத்தை முன்கூட்டியே அந்த அளவு பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த உலோகம் என்பதை நீர்நிலை சொல்லட்டும். அலுமினியக் கியர்பெட்டிக்குப் பின்னால் வெண்கலப் புரொப்பெல்லர் கம்பீரமாக இருக்கும். நன்னீர் ஏரியில் பாதகமில்லை. உப்புநீரில் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகும், கரைவது அலுமினியம்.

கடைசிச் சோதனை தண்ணீரில்தான். வழக்கமாக ஏறும் ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு, ஸ்பார்க் பிளக் கம்பியில் சுற்றிவைக்கும் சிறிய டாக்கோமீட்டரோடு முழுத் திராட்டிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கையேட்டில் சொன்ன எல்லைக்குள் சுழற்சி நின்றால் தேடல் முடிந்தது. மிஞ்சினால் பிட்சைக் கூட்ட வேண்டும், எட்டாவிட்டால் குறைக்க வேண்டும். ஓர் அங்குலப் பிட்சுக்கு ஏறக்குறைய 200 சுற்று மாறும் என்பது படகுக்காரர்களின் கைக்கணக்கு. அசல் பாக எண்ணே கிடைத்துவிட்டாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். ஒரே மோட்டாரை இலேசான படகுக்கு ஒரு புரொப்பெல்லரோடும் பாரமான படகுக்கு வேறொன்றோடும் விற்றிருக்கிறார்கள். 1956இல் அதை வாங்கியவரின் படகு உங்களுடையது அல்ல.